நாலெல்லை விருத்தம்

முகத்துக்கு மா பூசுவது நானேதான்.
கோதுமை மா, கொஞ்சம் தேங்காயெண்ணெய்.
மூக்கின்மேல் அழுத்திப் பூசினால்
அரை மணித்தியாலத்துக்கு வெள்ளைக்காரத் துரை.
அதற்குப் பிறகு வியர்வை உண்மையைச் சொல்லிவிடும்.
தொப்பி, வெட்டின பெயின்ற் வாளி.
சப்பாத்து கோபிதனுடையது, இரண்டு அளவு பெரிது.
பகலில் முதிரையடிக்குளம் சங்கக்கடையில்
அரிசி நிறுக்கிறவள் நான்.
அளக்கிற வேடத்தை அதனால்தான் தந்தார்களோ,
தெரியாது.

கூத்துக்கு ஏடு இல்லை.
இருந்தது.
மாத்தளனுக்குப் போகிற வழியில்
எந்தப் பதுங்குகுழிக்குள் என்று கேட்டால்
நாலு பேர் நாலு இடம் சொல்லுவார்கள்.
காணி உறுதிகளும் அதே பெட்டிக்குள்.

திரும்பி வந்த வருடம்
தறப்பாளுக்குக் கீழே இருந்து
ஆளாளுக்கு மிஞ்சியதைப் பாடிப் பார்த்தோம்.
கட்டியகாரன் வரவை ஒருத்தி
சட்டி கழுவியபடியே சொன்னாள்.
துரை வரவு சந்தையில் கிடைத்தது,
மீன் வெட்டுகிறவனிடம்.
நாலெல்லை விருத்தத்தில்
தெற்கு மட்டும் ஒருவருக்கும் வரவில்லை.
மூன்று மாதம்
தெற்கில்லாத ஊரில் இருந்தோம்.
பிறகொரு விடியப்புறம் கனடாவிலிருந்து போன்.
பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கையில்
தானாக வாயில் வந்ததாம்:
‘தெற்கே வீரையடி,
வீரைக்கு அங்கால நரிப்புற்று.’
அவ்வளவுதான். வைத்துவிட்டான், பஸ் வந்ததால்.

உடையார் காட்சியை எடுக்கச் சொல்லி
வருடா வருடம் வருகிறார்கள்.
துரைக்குச் சங்கிலி பிடித்த உடையார்
கீழைக்கரை மூன்று வீட்டையும்
கணக்கில் விட்டுவிட்டுக் கையொப்பம் வைத்த காட்சி.
‘பழசைக் கிளறி என்ன வரப்போகுது?’
அண்ணாவியாருக்கு முப்பத்திநாலு வயது,
தண்ணிப் பவுசர் ஓட்டுகிறவர்.
‘எடுக்கலாம்,’ என்றார்.
‘எடுத்தால் கிழக்கெல்லையும் போகும்.
அது அந்த மூன்று வீட்டு ஒப்பாரிக்குள்ளதான் கிடக்கு.’
எடுக்கவில்லை.

இந்த மாசியில் வன இலாகா கல்லு நட்டது.
மஞ்சள் பூச்சு, கறுப்பில் இலக்கம்.
வரம்புக்கு நடுவே ஒன்று,
புவனலோஜினியின் கிணற்றடியில் ஒன்று.
இது காடு என்றார்கள்.
நாங்கள் இல்லாத காலத்தில்
பாலை முளைத்திருந்தது, அது பொய்யில்லை.
உறுதியைக் காட்டு என்றார்கள்.

அன்றிரவு வட்டக்களரியை விட்டு இறங்கினோம்.
ஏழு சுற்றில் ஆடி முடிக்கிற அளவையை
வயலுக்குள் ஆடினோம்.
மத்தளம் முன்னால், சல்லாரி பின்னால்.
கிணற்றுக் கயிறுதான் சங்கிலி.
டிராக்டர் லைற்றில் என் நிழல்
குளக்கட்டை ஏறி அங்கால விழுந்தது.
‘வடக்கே குளத்து வான்,
மேற்கே வண்டில் தடம், தடத்தோரம் மருது…’
பாட்டு நின்ற இடத்தில் கால் நின்றது.
மருதைக் காணவில்லை.
புல்லை விலக்கினால் அடிக்கட்டை,
அதற்குள் ஒரு ஷெல் துண்டு,
பல்லுக்குள் அகப்பட்ட நார் மாதிரி.
கிழக்கே ஒப்பாரி.
இந்த முறை உடையாரின் ஆட்களும்
பிற்பாட்டுக்கு வந்தார்கள்,
சுருதி கொஞ்சம் விலகி.

வன இலாகா ரணவீர
மோட்டார் சைக்கிளில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
‘பாட்டு எல்லாம் சாட்சி எடுக்க ஏலாது,’
கஷ்டப்பட்ட தமிழில் சொன்னார்.
சொல்லிவிட்டுப் போகவில்லை.
‘அந்தத் தெற்கு… இன்னொரு தரம் பாடுங்க.’
பாடினேன்.
டோர்ச்சை அடித்துக்கொண்டு
புற்று இருக்கிறதா என்று பார்க்க அவரே நடந்தார்.
கொப்பியை எடுத்தாரா என்று
இருட்டில் எனக்குத் தெரியவில்லை.

கல்லு இன்னும் அங்கேதான்.
அன்று அதன்மேல் இருந்துதான்
சப்பாத்தைக் கழற்றினேன்.
என் விரல் மா
அதன் இலக்கத்தில் அப்பிப்போய் இருந்தது.
வருகிற வருடக் கூத்தில் கல்லும் வரும்.
வசனம் கிடையாது, அசையக்கூடாது என்று சொல்லியும்
அந்த வேடத்துக்கு
ஏழாம் வகுப்பில் இப்போதே
இரண்டு பேர் அடிபடுகிறார்கள்.